ஓக் மரத்தடியில் முளைத்தது வைக்கோல் காளான் இல்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காளானைப் பற்றித்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிட்டதே, அதனால்தான். கீழே உள்ள முதல் கடிதத்தைப் படித்ததும் இதழ் வரும்வரை காத்திருக்க மனம் வராமல் அந்த வாசகிக்கு அன்றைக்கே போன் செய்து பேசிவிட்டேன். இதே சந்தேகம் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அக்கா, நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் வேலைக்காகக் கேப் டவுன் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, ரோண்டபாஷில் இருக்கிறோம். போன வாரம் மழை விட்டதும் பையனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனபோது ஒரு பெரிய ஓக் மரத்தடியில் ஏழெட்டுக் காளான் பார்த்தேன். சிலது வெள்ளை முட்டை மாதிரி பாதி மண்ணுக்குள், சிலது குடை விரித்து, மேலே லேசான பச்சை கலந்த மஞ்சள் நிறம். அம்மா வீட்டில் வைக்கோல் படுக்கை போட்டு வளர்ப்போம், அதே மொட்டு மாதிரிதான் இருக்கிறது. போனில் ஒரு ஆப்பில் படம் எடுத்துப் பார்த்தேன், சாப்பிடலாம் என்று காட்டுகிறது. பறித்து வந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மிளகு தட்டிப் போட்டு வதக்கலாமா?
– கேப் டவுன் வாசகி

வேண்டாம் தங்கச்சி. ஒரு துண்டு கூட வாயில் வைக்க வேண்டாம், பையனுக்கும் எட்டாமல் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு அடையாளமும் ஒரே காளானைத்தான் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அதை டெத் கேப் என்கிறார்கள், சாவுக் குல்லாய் என்று அர்த்தம். அறிவியல் பெயர் அமனிட்டா ஃபல்லாய்டஸ். உலகத்தில் காளான் சாப்பிட்டு இறந்தவர்களில் பெரும்பாலோரின் சாவுக்கு இந்த ஒன்றும் இதன் நெருங்கிய உறவுகளும்தான் காரணம். கடிதத்தை வைத்து மட்டும் இதுதான் என்று நான் முத்திரை குத்த முடியாது, ஆனால் இதுவாக இருக்கலாம் என்ற சந்தேகம் ஒன்றே குப்பைத் தொட்டிக்கு அனுப்பப் போதும்.

இது தென்னாப்பிரிக்க மண்ணில் பிறந்த காளான் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஓக் மரத்தோடு சேர்ந்து வந்தது. ஓக் வேரும் இந்தக் காளானின் பூஞ்சை இழைகளும் மண்ணுக்குள் பின்னிப் பிணைந்து கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்கின்றன, மரம் சர்க்கரை தரும், பூஞ்சை தண்ணீரையும் தாதுக்களையும் இழுத்துத் தரும். கேப் பக்கம் டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே ஓக் நட்டு வந்திருக்கிறார்கள். 1679இல் டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் உருவாக்கிய ஸ்டெல்லன்பாஷ் நகரத்துக்கு ஓக் நகரம் என்றே பட்டப்பெயர். ஆகவே நீங்கள் காளானைக் கண்டது அடர்ந்த காடாக இருக்க வேண்டும் என்பதில்லை, தெருவோர மரத்தடியிலும் பள்ளிக்கூட மைதானத்து ஓரத்திலும் இது முளைக்கும்.

சரி, வைக்கோல் காளான் மாதிரி இருக்கிறதே என்றீர்கள். மாதிரிதான் இருக்கும், ஆபத்தே அதில்தான். இரண்டுமே சின்ன வயதில் ஒரு சவ்வு உறைக்குள் முட்டை மாதிரி இருக்கும், உறை கிழிந்து குடை மேலே வரும்போது அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பை தங்கிவிடும். ஊரில் நாம் மொட்டாகவே பறித்துச் சமைத்துப் பழகியதால் அந்த முட்டையைப் பார்த்ததும் கை தானாகப் போகிறது. 2011ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்தில் ஒரு சமையல்காரர் இந்தக் காளானைப் பறித்து நண்பர்களுக்குச் சமைத்தார். அவரும் இன்னொருவரும் சில நாளில் இறந்துபோனார்கள். ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இதை வைக்கோல் காளான் என்று ஏமாறுவதைப் பற்றி அப்போது அங்கே நிறைய எச்சரிக்கை செய்தார்கள். சமையலறையிலேயே வாழ்க்கையை ஓட்டியவருக்கே கண் ஏமாந்துபோனது. அதனால் நீங்கள் ஏமாந்ததை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

வித்தியாசம் எங்கே என்று கேட்பீர்கள். முதலில், இடம். வைக்கோல் காளான் பெயருக்கேற்ப வைக்கோலிலும் மட்கிய குப்பையிலும் வளரும், உயிருள்ள மரத்தின் வேரை நம்பி மண்ணில் முளைக்காது. அப்புறம், விரிந்த டெத் கேப்பின் தண்டில் மேல்பக்கம் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு பாவாடை மாதிரி தொங்கும், வைக்கோல் காளானுக்கு அந்த வளையம் கிடையாது. குடைக்கு அடியில் மெல்லிய மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்கள் டெத் கேப்பில் கடைசிவரை வெள்ளை, வைக்கோல் காளானில் முதிர முதிர இளஞ்சிவப்பாக மாறும். மேல் நிறம் ஆலிவ் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, சில சமயம் வெளிறி ஏறக்குறைய வெள்ளை, அதனால் நிறத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மழை அந்தப் பாவாடையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம். அடியில் உள்ள பையோ மண்ணுக்குள் இருக்கும், கத்தியால் தண்டை அறுத்து எடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். காளானைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அறுக்க மாட்டார்கள், சுற்றிலும் மண்ணைத் தோண்டி அடியோடு எடுத்துப் பார்ப்பார்கள். மொட்டாக இருக்கும்போதோ வளையமும் தெரியாது, செவுளும் இரண்டிலும் வெள்ளை, அதனால்தான் மரத்தடி முட்டைக் காளானைத் தொடவே வேண்டாம் என்கிறேன்.

ஸ்போர் தூள் நிறம் என்று ஒரு சோதனை உண்டு, ஸ்போர் என்பது காளானின் விதை மாதிரி. விரிந்த குடையை வெட்டிச் செவுள் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு காகிதத்தில் வைத்து மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டால் காலையில் தூள் படிந்திருக்கும், டெத் கேப் என்றால் வெள்ளை, வைக்கோல் காளான் என்றால் இளஞ்சிவப்பு. படிக்கிற பிள்ளைகளுக்கு அருமையான பாடம். ஆனால் தங்கச்சி, அந்தச் சோதனை ஒரு காளானைத் தள்ளிவிட உதவுமே தவிர, சாப்பிட அனுமதி கொடுக்காது. வெள்ளைத் தூள் போடும் நல்ல காளானும் உண்டு, இளஞ்சிவப்புத் தூள் போடும் நச்சுக் காளானும் உண்டு.

அந்த ஆப்பை உடனே மறந்துவிடுங்கள். நீங்கள் மேலிருந்து ஒரு படம் எடுத்திருப்பீர்கள், அதற்கு மண்ணுக்குள் இருக்கும் பையும் தெரியாது, தூள் நிறமும் தெரியாது, பக்கத்தில் ஓக் மரம் நிற்பதும் தெரியாது. சாப்பிடலாம் என்று ஒரு இயந்திரம் பச்சை விளக்கு காட்டுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

ஃபிரிட்ஜில் இருப்பதைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, பாத்திரத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் காய்கறி இருந்தால் நன்றாக அலசினால் போதும். தொட்டதால் விஷம் ஏறாது, பையன் கையில் வைத்திருந்தான் என்று பயப்பட வேண்டாம், தின்றால்தான் ஆபத்து.

நன்றாகக் கொதிக்க வைத்தால், புளியில் ஊறவைத்தால், வெயிலில் காயவைத்தால் விஷம் போய்விடும் என்கிறார்களே? விஷக் காளான் சாப்பிட்டால் உடனே வாந்தி வந்துவிடும், தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள்.
– ஜோகன்னஸ்பர்க் வாசகர்

இரண்டும் தவறு ஐயா, அதிலும் இரண்டாவது தவறு ஆளையே கொல்லும்.

டெத் கேப்பில் இருக்கும் விஷத்துக்கு அமனிட்டின் என்று பெயர். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. நடுத்தர அளவில் ஒரே ஒரு காளான் ஒரு பெரிய ஆளைக் கொல்லப் போதும், குழந்தைக்கு அதைவிடக் குறைவே போதும். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் அது ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள், கசப்போ நாற்றமோ நம்மை எச்சரிக்காது.

சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஒன்றுமே தெரியாது, பலருக்கு எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். ராத்திரி சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு விடியற்காலையில் வாந்தியும் தண்ணீராகப் பேதியும் பிடுங்கி எடுக்கும். அப்போது வீட்டில் எல்லாரும் வேறு ஏதாவது சாப்பாட்டையோ வைரஸையோ குறை சொல்லிக்கொண்டு இருப்பார்கள். ஒரு நாள் போனதும் வாந்தி நின்று, உடம்பு தேறின மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்து கஞ்சி கூடக் குடிப்பார்கள். இதுதான் நான் ரொம்பவும் பயப்படும் கட்டம். வெளியே தேறின மாதிரி தெரியும் அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். நம் உயிரணுவில் புரதம் செய்வதற்கான கட்டளையைப் படியெடுக்கும் ஒரு நொதி இருக்கிறது, அமனிட்டின் அதைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்திவிடுகிறது. புரதம் இல்லாமல் உயிரணு சாகிறது. கல்லீரல் வெளியேற்றும் பித்தத்தோடு விஷமும் குடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும், இப்படிச் சுற்றிச் சுற்றி அடிக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகி, இரத்தம் உறையாமல், சிறுநீரகமும் சேர்ந்து போய்விடும்போது சிலருக்கு மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி.

ஆகவே சாப்பிட்டது காட்டுக் காளான் என்று தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே புறப்படுங்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லாரும் போக வேண்டும், எனக்கு ஒன்றுமில்லை என்று யாரும் வீட்டில் தங்கக் கூடாது. உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்க முயல வேண்டாம். மிச்சமிருக்கும் காளானையும், சமைத்த கறியையும், எடுத்த வாந்தியையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு அந்த இடைவெளிதான் பெரிய துப்பு. இந்த நாடு முழுவதற்கும் இருபத்து நாலு மணி நேரமும் விஷ உதவி எண் இருக்கிறது, 0861 555 777. ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த வரிகளைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டால் எனக்கு நிம்மதி.

சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் போனால் நரம்பு வழியாகத் திரவம், குடலில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கத் திரும்பத் திரும்பக் கரித்தூள், கல்லீரலைக் காக்க அசிட்டைல்சிஸ்டைன், சில இடங்களில் ஒரு முட்செடியின் விதையிலிருந்து எடுத்த சிலிபினின் என்று மருத்துவர்கள் போராடுகிறார்கள், பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அப்படியும் பத்தில் ஒன்றிரண்டு பேரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் புல்தரையில் மழை பெய்தால் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான் வட்டமாக முளைக்கிறது, மேலே பழுப்புச் செதில். மாமா சமைத்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வாந்தி, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. இது அந்த டெத் கேப்பா?
– டர்பன் வாசகி

இல்லை அம்மா, நேரத்தைப் பாருங்கள், இரண்டே மணி நேரம். இது பச்சை ஸ்போர் போடும் க்ளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ் என்றுதான் தோன்றுகிறது. குவாசுலு-நாட்டாலில் கோடை மழைக்குப் புல்தரைகளில் சாதாரணமாக வரும். செவுள் முதலில் வெள்ளை, முதிர்ந்தால் அழுக்குப் பச்சை, காகிதத்தில் தூளும் பச்சையாகவே விழும், வேறு காளான்களில் பச்சைத் தூளைப் பார்ப்பது மிக அபூர்வம். வயிற்றைப் புரட்டிப் போடும், பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போவது ஆபத்து, அதனால் புல்தரையில் தவழும் குழந்தை இருந்தால் முளைத்ததும் பிடுங்கிப் போடுங்கள். காளான் விஷயத்தில் நாய்க்கும் நம் கதைதான், டெத் கேப் தின்ற நாய் மனிதரைப் போலவே கல்லீரல் கெட்டுச் சாகும்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். சீக்கிரம் வாந்தி வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எல்லாச் சமயமும் நினைக்கக் கூடாது. இரண்டு வகைக் காளான் ஒரே சட்டியில் கலந்திருந்தால் முதல் வாந்தி ஒன்றால், சாவு இன்னொன்றால் வரலாம்.

பைன் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான், குழந்தைகள் புத்தகத்தில் வருமே, அது விஷமா?
– ஜார்ஜ் நகரத்து வாசகர், வயது பதினொன்று

விஷம்தான் தம்பி. அமனிட்டா மஸ்காரியா, டெத் கேப்புக்கு உறவு, ஆனால் இதன் விஷம் வேறு, மூளையைக் குழப்பும், தள்ளாட வைக்கும், தூக்கத்தில் தள்ளும். முன்பு ஐரோப்பாவில் பாலில் போட்டு ஈ கொல்ல வைப்பார்களாம், பெயரே அதிலிருந்து வந்தது. பார், படம் வரை, பறித்து வாயில் வைக்காதே. விஷக் காளான் எல்லாம் இப்படிச் சிவப்பாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதே, ஆளைக் கொல்வது சாதுவாகத் தெரியும் அந்தப் பச்சைக் குடைதான்.

எங்கள் ஆயாவுக்கு எண்பத்து நாலு வயது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். கோடை மழையில் காவே என்ற காளானைப் பறித்து வந்து கறி வைப்பார், ஒருநாளும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சமைக்கும்போது வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்ப்பார், கறுக்கவில்லை என்றால் நல்ல காளான் என்பார். பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பார். ஆயா சொல்வது சரியா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

தம்பி, ஆயா பறிப்பது சரி, கரண்டி தவறு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால், அவித்த முட்டையைத் தொட்டாலும் கறுக்கும். டெத் கேப் வெந்த குழம்பில் அதே கரண்டியைப் போட்டால் பளபளவென்று வெளியே வரும். மஞ்சள், அரிசி, பூண்டு நிறம் மாறும் என்பதும் இப்படித்தான். நத்தை டெத் கேப்பை நிம்மதியாகத் தின்று ஊர்ந்து போகும், அதன் உடம்பு வேறு.

பிறகு இத்தனை வருஷம் எப்படித் தப்பித்தார்கள் என்றால், ஆயாவைக் காத்தது கரண்டி இல்லை, அவர் கண்ணும் அவர் நின்ற மண்ணும்தான். ஜூலு மக்கள் இகோவே என்று சொல்வதைத்தான் நம் வீடுகளில் காவே என்கிறோம். அது டெர்மிடோமைசிஸ் இனம், கரையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சை. நம் ஊரில் புற்றுக்காளான் என்று தின்பதும் இதே இனம்தான். இந்த இனம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும்தான் வளர்கிறது, ஐரோப்பாவில் கிடையாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்து இறக்கிய நம் ஆட்கள் நாட்டால் மழையில் புற்றின் மேல் இந்தக் காளானைக் கண்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தெரியாத மண்ணில் தெரிந்த ஒரு பொருள். ஊரில் கற்ற அறிவு அங்கே அப்படியே செல்லுபடி ஆனது, ஏனென்றால் காளான் உண்மையிலேயே அதேதான். கேப் டவுன் தங்கச்சிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர், ஊர் அறிவோடு ஐரோப்பாவின் மரத்தடியில் போய் நின்றார்.

அதனால் ஆயாவின் அறிவை மாரிட்ஸ்பர்க்கின் புற்றுமேட்டிலேயே வைத்திருங்கள், ஓக் நிழலுக்குக் கொண்டு போகாதீர்கள். ஓக் உங்கள் ஊரிலும் உண்டு.

ஆயா எதைப் பார்த்துப் பறிக்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள். காவேயின் தண்டு மண்ணுக்குள் நீண்ட வேர் மாதிரி மெலிந்துகொண்டே புற்றுவரை இறங்கும், அடியில் பை இருக்காது, செவுள் ஒருநாளும் பச்சையாகாது, குடையின் நடுவில் ஒரு குமிழ் எழுந்திருக்கும், செதில் செதிலாக இருக்காது. மழைக்காலத்தில் சாலையோரம் காவே விற்கும் பெண்களும் இதையெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தவர்கள், ஆயாவுக்கு நடக்க முடியாவிட்டால் அவர்களிடம் வாங்கி வந்து ஆயா கையில் கொடுங்கள், அவர் திருப்பிப் பார்த்துச் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை படம் எடுங்கள். நடக்க முடியும் என்றால் ஜனவரி மழைக்கு ஒரு சின்ன மண்வெட்டியோடு அவரைக் கூட்டிப் போங்கள், அவர் காட்டும் இடத்தில் நீங்கள் தோண்டுங்கள்.